சாக்கெட் சரி, படம் வரவில்லை: முதல் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த கதை

திருச்சியில் இருந்துகொண்டு சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒன்று தப்பாகிவிட்டால் ‘நாளைக்கு வந்து மாற்றிக்கொள்கிறேன் அண்ணே’ என்று சொல்ல முடியாது, மறுபடி 300 கிலோமீட்டருக்கு மேல் ரயில் ஏற வேண்டும். அதனால் 2024 ஜனவரியில் கிளம்புவதற்கு முன் மூன்று வாரம் லிஸ்ட் போட்டேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பழைய நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாக எழுதுவது, அடிப்பது, திரும்ப எழுதுவது. அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாத்தாக்கூட இவ்ளோ பொருத்தம் பாக்க மாட்டாங்கடா” என்றார். அவ்வளவு பார்த்தும் ஒன்று சொதப்பியது. லிஸ்ட்டில் இல்லை, லிஸ்ட்டை விட்டு விலகிய அந்த மூன்று நிமிடத்தில்.

முதலில் லிஸ்ட் எப்படி உருவானது என்று சொல்லிவிடுகிறேன். கையில் 60,000 ரூபாய். மானிட்டர் ஏற்கெனவே இருந்தது, 1080பி, 75 ஹெர்ட்ஸ், சாதாரணமானது. நிறைய பேர் பிராசசரில் இருந்து தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கி ஒரு வாரத்தை வீணாக்கினேன். மானிட்டரில் இருந்து தொடங்கினால் வேலை பாதியாகக் குறையும். என் மானிட்டர் நொடிக்கு 75 படத்துக்கு மேல் காட்டப் போவதில்லை, 1080பிக்கு மேல் தெளிவும் கிடையாது. அப்படியென்றால் அதற்குத் தேவையான, படத்தை வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு எது, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கிற பிராசசர் எது, அந்த பிராசசர் உட்காரும் மதர்போர்டு எது என்று பின்னாலிருந்து முன்னால் வர வேண்டியதுதான்.

கார்டுக்கு இரண்டு பெயர்கள் மிஞ்சின. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. முதலாவது 170 வாட், இரண்டாவது 132 வாட். விலையில் அப்போது ஐந்தாறாயிரம் வித்தியாசம். வீடியோ எடிட்டிங், ரெண்டரிங் செய்கிறவர்களுக்கு 3060 லாபம், அதில் சந்தேகமில்லை. எனக்கு விளையாட்டு மட்டும்தான், அதனால் 6600. அதிலும் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. இந்தக் கார்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டை பார்ப்பதற்கு முழு நீளமாக இருந்தாலும் உள்ளே தகவல் போகும் பாதைகளான லேன்கள் எட்டுதான் இணைந்திருக்கின்றன, பதினாறு இல்லை. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் பிசிஐஇ 4.0 வகையாக இருந்தால் அந்த எட்டே தாராளம். பழைய 3.0 ஸ்லாட்டில் போட்டால் பாதை பாதியாகச் சுருங்கும். 6600க்கு அதனால் வரும் இழப்பு பெரும்பாலான கேம்களில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இதன் தம்பி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இருக்கிறதே, அதில் நான்கே நான்கு லேன், மெமரியும் 4 ஜிபிதான். அதை 3.0 ஸ்லாட்டில் செருகினால் மெமரி நிரம்பும் இடங்களில் திணறிவிடும். பழைய கம்ப்யூட்டரை ‘கொஞ்சம் தேற்றலாம்’ என்று நினைக்கிறவர்கள்தான் அந்தக் கார்டை வாங்குகிறார்கள், பழைய கம்ப்யூட்டரில்தான் 3.0 ஸ்லாட் இருக்கிறது. கொடுமை.

பிராசசருக்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். இன்டெல் ஐ5 12400எஃப், ஏஎம்டி ரைசன் 5 5600, அப்புறம் அதைவிட மலிவான ரைசன் 5 5500. கடைசி இரண்டுக்கும் பெயரில் நூறுதான் வித்தியாசம், இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆனால் உள்ளே வேறு சில்லு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி, எல்3 கேஷ், 5600ல் 32 எம்பி, 5500ல் 16 எம்பி. 5500 பிசிஐஇ 3.0 மட்டும்தான் பேசும், எவ்வளவு புது மதர்போர்டில் போட்டாலும் சரி. மூவாயிரம் மிச்சம் என்று 5500க்குக் கை போனது, இந்த ஒரு வரியைப் படித்ததும் திரும்பிவிட்டது.

12400எஃப் நல்ல பிராசசர்தான். மதர்போர்டில் அது உட்காரும் இடமான எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. அந்த சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மெமரி போடும் மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 போடும் மதர்போர்டும் உண்டு, பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், கடைசியில் ‘டி4’ என்று இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம். மெமரி குச்சிகள் இரண்டிலும் 288 பின்கள், நீளமும் ஒன்றே, நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். செருகிப் பார்த்துப் போகவில்லை என்று அழுத்தினால் ஸ்லாட் உடையும், அவ்வளவுதான். ஏஎம்டி பக்கம் இந்தக் குழப்பம் இல்லை. 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4, அடுத்து வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5. ஏஎம்5 எடுத்திருந்தால் பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றும் வசதி இருந்திருக்கும், ஆனால் மதர்போர்டு, மெமரி எல்லாம் சேர்த்து என் பட்ஜெட்டைத் தாண்டி எங்கேயோ போனது. 5600க்கு 65 வாட் போதும், பெட்டியிலேயே கூலர் தருகிறார்கள். முடிவு செய்தேன்.

இங்கே ஒரு புலம்பல். ‘இந்த பிராசசருக்கு இந்தக் கார்டு போட்டால் 14 சதவீதம் பாட்டில்நெக்’ என்று, அதாவது ஒன்று இன்னொன்றை அவ்வளவு பின்னிழுக்கும் என்று, கணக்குப் போட்டுக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எந்த கேம், எந்த ரெசல்யூஷன், எந்த செட்டிங் என்பதைப் பொறுத்து பிராசசரும் கார்டும் மாறி மாறி மூச்சு வாங்கும், அதை ஒற்றைச் சதவீதத்தில் சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள்.

நோட்டில் கடைசியாக நின்ற லிஸ்ட்டும், எனக்கு வந்த விலையும் இது: 5600க்கு 11,800; பி550 சிப்செட் வைத்த மைக்ரோ ஏடிஎக்ஸ் (சின்ன அளவு) மதர்போர்டு 9,400; 8 ஜிபி டிடிஆர்4 3200 இரண்டு குச்சிகள் 3,800; 6600 கார்டு 20,500; 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,200; எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,300; கேபினெட் 3,600. மொத்தம் 58,600. இதை, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று சொல்லும் பிசி பார்ட் பிக்கர் தளத்தில் போட்டுப் பார்த்தேன், ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கூட வைத்தேன், ஏதோ பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், தூக்கிப் பார்த்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். என் கணக்கு இப்படி: கார்டு 132 வாட், பிராசசர் முழு வேகத்தில் 76 வாட் வரை, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 50. ஆக 260க்குப் பக்கம். 6600க்கு 450 வாட் போதும் என்றுதான் ஏஎம்டியே சொல்கிறது. நான் 550 எடுத்ததற்குக் காரணம், இரண்டு மூன்று வருடத்தில் கார்டை மாற்றினாலும் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம் என்பது. வாட்டைவிட முக்கியம் என்னென்ன வயர் வருகிறது என்று பார்ப்பது. பிராசசருக்கு நான்கும் நான்குமாகப் பிரியும் எட்டு பின், கார்டுக்கு ஆறும் இரண்டுமாகப் பிரியும் எட்டு பின். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். முனை வடிவம் வேறு என்பதால் சுலபத்தில் மாறிப் போகாது, ஆனால் பலம் போட்டு அழுத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இன்னொன்று, கழற்றி மாட்டும் வயர் உள்ள மாடுலர் வகை வாங்கினால் ஒரு கம்பெனி வயரை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே கூடாது. மதர்போர்டு பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்று, எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொது விதி கிடையாது.

சரி, பயணம். வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், விடியற்காலையில் எழும்பூர். கடைகள் திறக்கப் பத்தரை ஆகிவிட்டது, மதியம் வைகையைப் பிடித்தால்தான் சாயந்திரம் வீடு. நடுவில் மூன்று மணி நேரம். ரிச்சி தெரு தெரியாதவர்களுக்கு: அண்ணா சாலைக்குப் பின்பக்கம், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய குறுகலான தெருக்கள், மாடிப்படி தெரியாத அளவுக்குப் போர்டுகள், காலுக்கடியில் அட்டைப்பெட்டிகள், எங்கு நின்றாலும் பின்னால் ஒரு பைக்காரர் ஹாரன் அடிப்பார். ஒரே கடையில் எல்லாம் வாங்காமல் மூன்று கடையில் விலை கேட்டு, இரண்டு கடையில் வாங்கினேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, மதர்போர்டு வரைக்கும். நான் எழுதி வைத்திருந்த பி550 இல்லை. அடுத்த வாரம் வரும் என்றார் கவுன்டரில் இருந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார், மேல் அட்டையைக் கையால் ஒரு தட்டு தட்டினார், தூசி பறந்தது. பி450. பி550க்கு முந்தைய தலைமுறை. விலை 6,300.

“அண்ணே, 5600 இதுல ஓடுமா?”

“ஏஎம்4 தானே தம்பி? சாக்கெட் அதே சாக்கெட்தான். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க. மூவாயிரம் மிச்சம்.”

மணி பன்னிரண்டேகால். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. சாக்கெட் அதேதான். பி450யில் 5600 ஓடவும் ஓடும். எனக்குப் பிசிஐஇ 3.0தான் கிடைக்கும், அதனால் 6600க்குப் பெரிய இழப்பில்லை என்று கணக்குப் பார்த்து வைத்தவன் நான்தானே. எஸ்எஸ்டியும் 4.0 வகை, அது நொடிக்கு 3,500 எம்பி அளவோடு நிற்கும், பரவாயில்லை, கேம் லோடாவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதையெல்லாம் மூன்று நிமிடத்தில் யோசித்தேன். யோசிக்காதது ஒன்றே ஒன்று. பணத்தைக் கட்டினேன்.

வைகையில் தலைக்கு மேல் ராக்கில் கேபினெட் பெட்டி ஏறவில்லை, காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டேன். எதிர் இருக்கைப் பெரியவர் “டிவியா தம்பி?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கத் தெம்பில்லை.

அன்றைக்கு ராத்திரி ஏழரைக்கு ஹால் தரையில் போர்வை விரித்து ஆரம்பித்தோம். ‘தோம்’ என்றால் நானும் சித்தி பையனும், ஒன்பதாவது படிக்கிறான், ஸ்குரூ எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. ஏஎம்4ல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், 1,331. மூலையில் ஒரு தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் அதே முக்கோணம், இரண்டையும் சேர்த்து வைத்தால் அதுவே தன் எடையில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அழுத்தவே கூடாது.

கூலரில்தான் முதல் தடுமாற்றம். பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலருக்கு நான்கு மூலையிலும் ஸ்பிரிங் வைத்த ஸ்குரூ. மதர்போர்டில் ஏற்கெனவே இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் பிடிகள் மாட்டியிருந்தன. அவை கொக்கி வைத்த கூலருக்கு, இதற்கு இல்லை, கழற்ற வேண்டும். நான்கு ஸ்குரூவையும் கழற்றினேன், பிடி கையோடு வந்தது, பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். சித்தி பையன் பயந்துவிட்டான். “அண்ணா, என்னமோ உடஞ்சிருச்சு!” உடையவில்லை. அந்த ஸ்குரூக்கள்தான் பின்பக்க இரும்புத் தகட்டையும் பிடித்து வைத்திருந்தன, கழற்றியதும் தகடு கீழே விழுந்தது. கூலரின் ஸ்குரூ அந்தத் தகட்டில்தான் போய் இறங்க வேண்டும், ஆக ஒருவர் பின்னால் தகட்டைப் பிடிக்க, ஒருவர் முன்னால் எதிரெதிர் மூலையாக முடுக்க வேண்டும். தனியாகச் செய்கிறவர்கள் மதர்போர்டு வந்த பெட்டியை நிமிர்த்தி அதன்மேல் தகட்டை வைத்துச் செய்யலாம், இதைப் பிறகுதான் யோசித்தேன்.

கேபினெட்டில் மதர்போர்டை இறக்குவதற்கு முன் உள்ளே இருக்கும் பித்தளைக் கால்களை எண்ணிப் பாருங்கள். என்னுடையதில் முழு ஏடிஎக்ஸ் அளவுக்கு ஒன்பது கால்கள் மாட்டி அனுப்பியிருந்தார்கள். என் போர்டில் ஓட்டை ஆறுதான். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது போர்டின் அடிப்பக்க சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகலாம். உபரிக் கால்களைக் கழற்றினேன். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் 244 மில்லிமீட்டர் சதுரம் என்று அளவு சொன்னாலும், மலிவான போர்டுகள் அகலத்தில் குறுகலாக இருக்கும், வலது ஓரத்தில் ஸ்குரூவே இருக்காது. அங்கேதான் 24 பின் வயரை அழுத்திச் செருக வேண்டும். அழுத்தும்போது போர்டு வில்லாக வளைந்தது, எனக்கு வயிறு கலங்கியது. அடியில் ஒரு விரலை முட்டுக் கொடுத்துக்கொண்டு செருகினேன்.

கேபினெட்டின் முன்பக்கம் ஒரு டைப் சி துளை இருந்தது, கடையில் பார்த்து சந்தோஷப்பட்டிருந்தேன். அதன் வயரை மாட்ட பி450 போர்டில் இடமே இல்லை. லிஸ்ட்டில் இருந்த பி550யில் இருந்தது. ஒரு பாகத்தை மாற்றினால் அது எத்தனை இடத்தில் இடிக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது, ஆனால் இது சில்லறை விஷயம் என்று வயரைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். கார்டு 24 சென்டிமீட்டர், கேபினெட் 33 வரை தாங்கும். மெமரி இரண்டையும் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டேன், அப்படிப் போட்டால்தான் மெமரியின் இரண்டு சேனலும், அதாவது இரண்டு பாதையும், வேலை செய்யும். கடையில் 16 ஜிபி ஒற்றைக் குச்சி கொடுக்கப் பார்த்தார்கள், ‘பின்னாடி இன்னொன்னு போட்டுக்கலாம்’ என்று. மறுத்துவிட்டேன்.

பத்தேகாலுக்குப் பவர் பட்டனை அழுத்தினோம். ஃபேன்கள் சுற்றின, கார்டின் விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றது, சித்தி பையன் கைதட்டினான். மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அப்பா செய்தியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “இத்தன காசு போட்டு லைட்டு மட்டும்தான் எரியுமா?”

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேபிள் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா? ஆமாம். (5600க்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டினால் ஜென்மத்துக்கும் படம் வராது. புதிதாகச் செய்கிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.) மெமரியைக் கழற்றி மாட்டினேன், ஒற்றைக் குச்சியில் முயன்றேன், நம்மூர் வைத்தியப்படி ரப்பர் வைத்துத் தேய்த்தும் பார்த்தேன், புது மெமரியை! பிராசசருக்குப் போகும் எட்டு பின் சரியாக இருந்தது. கார்டைக் கழற்றி மாட்டினேன். மாற்றமில்லை. போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன, எங்கே தடை என்று காட்ட: பிராசசர், மெமரி, கார்டு, பூட். எரிந்தது முதலாவது, சிவப்பாக, அசையாமல்.

பிராசசர் செத்துவிட்டது என்றே நினைத்தேன். நள்ளிரவு தாண்டி, தூக்கம் வராமல், ஃபோனில் லிஸ்ட்டைத் திறந்து பி550யை எடுத்துவிட்டு பி450யைப் போட்டேன். மூன்று வாரமாக வராத மஞ்சள் எச்சரிக்கை வந்தது: சில பி450 போர்டுகளில் இந்தத் தலைமுறை பிராசசர் ஓட பயாஸ் (மதர்போர்டை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம், அதைச் செய்வதற்கே பழைய பிராசசர் ஒன்று தேவைப்படலாம். எழுந்து போய் லைட்டைப் போட்டு மதர்போர்டு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இந்தச் சீரிஸ் புதுப் பெட்டிகளில் ‘ரைசன் 5000 ரெடி’ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என் பெட்டியில் அது இல்லை. பக்கவாட்டில் தயாரிப்பு வருடம் 2019.

பி450 வந்தது 2018ல். அதில் 5600 சேர்ந்த ரைசன் 5000 வரிசையே ஓடாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது, பயன்படுத்துகிறவர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்கான பயாஸ்கள் 2021 வாக்கில்தான் பரவலாக வந்தன. என் போர்டு 2019ல் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி ஏதோ ஒரு கோடவுனில் தூங்கியிருக்கிறது. அதன் பயாஸுக்கு 5600 என்று ஒன்று பிறந்ததே தெரியாது. சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது யாரென்று தெரியாமல் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, அதன் மேல் தப்பே இல்லை. சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பென் டிரைவை மட்டும் செருகி ஒரு பட்டனை அழுத்தி பயாஸ் ஏற்றலாம், ஃபிளாஷ்பேக் என்பார்கள். என்னுடையதில் அந்த பட்டனும் இல்லை, மூவாயிரம் ரூபாய் அங்கெல்லாம்தான் மிச்சமாகியிருக்கிறது.

ஞாயிறு முழுக்க யாரிடமாவது பழைய ரைசன் இருக்கிறதா என்று விசாரித்தேன். திங்கள் காலை மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. விஷயத்தைச் சொன்னதும் அந்த அண்ணன் சிரித்தார், மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு மாத்திரை டப்பா, அதற்குள் பஞ்சில் படுத்திருந்தது ஒரு ரைசன் 3 2200ஜி. “இதுக்குன்னே வெச்சிருக்கேன் தம்பி. மாசத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க.”

கூலரைக் கழற்றுவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஸ்குரூவைத் தளர்த்தியதும் நான் நேராக மேலே தூக்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்திருக்கும், நேராகத் தூக்கினால் லீவர் போட்டிருந்தாலும் பிராசசரும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருகினார், தேங்காய் மூடியில் ஒட்டிய பருப்பைக் கிளப்புகிற மாதிரி, ஒரு கட்டத்தில் ‘ப்ச்’ என்று விட்டுக்கொடுத்தது. 5600யை எடுத்து அதே மாத்திரை டப்பாவில் வைத்தார், 2200ஜியைப் போட்டார், கார்டு கூட வேண்டாம், அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. எச்டிஎம்ஐயை போர்டில் மாட்டினார். படம் வந்தது. என் கம்ப்யூட்டரின் முதல் படம் வேறு ஒருவர் பிராசசரில் வந்தது, ஆனாலும் கண் கலங்காத குறைதான்.

பயாஸ் ஃபைலை போர்டு கம்பெனியின் தளத்தில் இருந்து இறக்கி, எஃப்ஏடி32வில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட வேண்டும். மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும், அது போர்டிலேயே அச்சிட்டிருக்கும். நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியவில்லை, நடுவில் ஒன்றை ஏற்றிவிட்டு அடுத்ததை ஏற்றச் சொல்லித் தளத்திலேயே எழுதியிருந்தது. யுபிஎஸ்ஸில் மாட்டித்தான் செய்தார், நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான். இரண்டு முறையும் அந்த நீலப் பட்டை நகர்ந்த ஐந்து ஐந்து நிமிடம் நான் டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் 2200ஜியை எடுத்து, 5600யைப் போட்டு, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து (கூலரோடு வந்த பேஸ்ட் ஒரு முறைக்குத்தான்), கூலரை முடுக்கினார். இரண்டு முறை தானாக அணைந்து எழுந்தது. ‘புது பிராசசர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாகத் தொடங்கவா’ என்று கேட்டது (எஃப்டிபிஎம் என்பது பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் இடம்). ஒய் அழுத்தினார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், பேஸ்ட்டுக்குத் தனியாக 150. மூவாயிரத்து நூறு மிச்சம் பிடித்ததில் 450 போனது, ஒரு நாள் லீவும் போனது.

வீட்டுக்கு வந்து விண்டோஸ் போட்டு, முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பார்த்தேன். 2400 என்று காட்டியது. இது பழுதில்லை. பெட்டியில் 3200 என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்யும் வரை மெமரி நிதானமாகத்தான் ஓடும். ஆன் செய்தேன், 3200. கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் தொட விடும் ரீசைசபிள் பாரையும் அங்கேயே ஆன் செய்தேன், 5600ம் 6600ம் இரண்டுமே அதை ஏற்கும். ஜிடிஏ 5 ஹை செட்டிங்கில் நூறைத் தாண்டுகிறது, மானிட்டர் 75க்கு மேல் காட்டாது என்பதால் 75ல் கட்டிப் போட்டுவிட்டேன், கார்டும் சூடாகாமல் கிடக்கிறது. பிராசசர் பகலில், ஏசி இல்லாத அறையில், 78 டிகிரி வரை போகிறது. உச்ச வரம்பு 90. திருச்சி ஏப்ரலுக்கு இந்தக் குட்டிக் கூலர் போதாது என்றுதான் தோன்றுகிறது, கேபினெட் 16 சென்டிமீட்டர் உயரக் கூலர் வரை தாங்கும், அதைப் பிறகு பார்க்க வேண்டும்.

இன்னொன்று மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் ‘சுருக்’ என்றது. எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தது, ஆனால் வீட்டு ப்ளக் பாயின்ட்டில் எர்த்தே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் இருக்கின்றன, எர்த் இல்லாவிட்டால் கேபினெட் தகடு 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். கரன்ட் அளவு மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது, ஆனால் அப்படியே விடக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்தாயிற்று. சுருக் போய்விட்டது.

முன்பக்க டைப் சி வயர் மட்டும் இன்னும் கேபினெட்டுக்குள் சுருட்டிக் கட்டியபடியே கிடக்கிறது. சித்தி பையன் வரும்போதெல்லாம் அந்தத் துளையில்தான் ஃபோன் சார்ஜரைச் செருகுகிறான், ஏறவில்லை என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்படுகிறான்.